வாடிப்பட்டிக் கண்மாயில் நடக்காத ஆட்டம்

திரையில் இசக்கி தோற்றுக்கொண்டிருந்தாள். எழுபதாவது நிமிடத்தில் மைதானத்தின் நடுவில் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பந்து அவள் காலுக்கு ஒரு சாண் தள்ளி உருண்டு போனது. அவள் நிமிரவில்லை.

கல்லூரிக் கேன்டீனில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த நிஜ இசக்கிக்கு வாயில் இருந்த வடை இறங்கவில்லை.

“ஏட்டி, நான் என்னிக்கு இப்பிடி முட்டியப் புடிச்சிருக்கேன்?”

“என்னையப் பாரு,” என்றாள் கோல் காக்கும் ஜெனோவா. “கட்டிப்போட்ட மாடு கணக்கா நிக்கேன். மூக்கு மட்டும் அச்சு அசலா வரைஞ்சிருக்கான், நாசமாப் போறவன்.”

மூன்றாவது கோலும் விழுந்தது. கோயம்புத்தூர் அணியின் கேப்டன் சௌடேஸ்வரி திரையில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். கேன்டீன்காரர் திரையை அணைத்துவிட்டுப் பாட்டுப் போட்டார்.

எட்டு வருடங்களுக்கு முன்பு கல்லூரிப் பெண்களுக்கான மாநிலக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் கேலரி சரிந்து ஆட்கள் செத்தார்கள். அதற்குப் பிறகு இறுதி ஆட்டம் கிடையாது. மண்டல ஆட்டங்கள் மட்டும் மைதானத்தில் நடக்கும். தெற்கே ஜெயித்தவர்களும் மேற்கே ஜெயித்தவர்களும் ஒருவரை ஒருவர் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. ஒவ்வொருத்தியும் நெஞ்சில் வருடம் முழுக்க ஒரு பட்டை கட்டியிருக்க வேண்டும். ஓடியது, மூச்சு வாங்கியது, தூங்கியது எல்லாம் அதன் வழியாக வாரியத்தின் கணினிக்குப் போகும். அது இரண்டு அணிகளையும் தனக்குள்ளேயே பத்தாயிரம் முறை மோதவிட்டு, யார் அதிகம் ஜெயித்தார்களோ அவர்களைச் சாம்பியன் என்று சொல்லும். ஜனங்கள் பார்ப்பதற்காக அதில் ஒன்றைப் படமாக வரைந்தும் காட்டும். வாரியத்தார் அதை சிஸ்டம் என்பார்கள். தூத்துக்குடிப் பெண்கள் பொட்டி என்பார்கள்.

அன்று ஓடியது முன்னோட்டம். உறுதியான முடிவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் ஆட்சேபம் சொல்லலாம். பட்டையிலிருந்து வரும் புதுத் தகவலும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

இசக்கிக்கு இது கடைசி வருடம். சாம்பியன் அணியில் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. இல்லாவிட்டால் உப்பளம்தான். அம்மா முத்துக்கனியின் பாதத்தைப் பார்த்தால் போதும், அந்த வாழ்க்கை எப்படி முடியும் என்று தெரியும். வெடித்து, வெளுத்து, ஊசி குத்தினாலும் உறைக்காத பாதம்.

ஆட்சேபம் கேட்க வாரியத்திலிருந்து நிவேதனா என்ற பெண் வந்தாள். சென்னைக்காரி, சிஸ்டத்தில் வேலை பார்ப்பவள். உடற்கல்வி ஆசிரியர் தங்கப்பழம் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அணியே கதவை அடைத்துக்கொண்டு நின்றது.

“உங்க டீம் ஆட்டத்துல நல்லா ஓடுது சார். ஆனா பயிற்சியில ரொம்ப மெதுவா இருக்கு. ஆட்டம் வருஷத்துக்கு ஏழெட்டுதான். பயிற்சி தினமும். எது நிறைய இருக்கோ அதைத்தான் சிஸ்டம் நம்பும். ஆட்டத்துல ஜெயிச்சதை அதிர்ஷ்டம்னு எடுத்துக்குது.”

“மண்டலத்துல அத்தன பேரையும் அடிச்சது அதிர்ஷ்டமா?” என்றாள் இசக்கி.

“இன்னொண்ணும் இருக்கு.” நிவேதனா தயங்கினாள். “தப்பா நினைக்காதீங்க. உங்க பொண்ணுங்க ரொம்பத் தூங்கறாங்க. ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பிச்சா காலையில பத்து மணி வரைக்கும் உடம்புல ஒரு அசைவும் இல்ல. அவ்வளவு ஓய்வு எடுத்தும் சாயங்காலம் வேகம் இல்லன்னா, சிஸ்டம் அதை…” சொல்லைத் தேடினாள். “முயற்சிக் குறைவுன்னு வகைப்படுத்துது.”

“அப்பிடின்னா?”

“சோம்பேறின்னு சொல்லுது ளா,” என்றாள் ஜெனோவா.

இடதுபுறம் ஆடும் கிரேனா சிரிக்க ஆரம்பித்தாள். அது பரவி, எல்லோரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நிவேதனாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“மேடம்,” என்றாள் இசக்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “விடியங்காட்டி நாலு மணிக்கு நாங்க அளத்துல நிப்போம். பாத்தி மிதிக்கணும், உப்பு வாரணும், அம்பாரத்துக்குச் சுமக்கணும். வெயில் ஏறுன பொறவு வந்து குளிச்சிட்டுத்தான் காலேஜி. உப்புத் தண்ணி பட்டா பட்டை அரிச்சிப் போவும். போச்சின்னா எங்க தலையில கட்டுவாவன்னு பயந்து ராத்திரியே கழத்தி ஆணியில மாட்டிருவோம். உங்க பொட்டி பாத்துக்கிட்டிருந்தது எங்க வீட்டு ஆணிய.”

தங்கப்பழம் தலையைக் குனிந்துகொண்டார். பட்டை பழுதானால் பணம் பிடிப்பேன் என்று முதல் நாள் மிரட்டியது அவர்தான்.

நிவேதனா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். “துடிப்பு பதிவாகலன்னா சிஸ்டம் அசைவை மட்டும் பாத்துத் தூக்கம்னு போட்டுரும். எத்தனை பேர் இப்படி?”

“கோல் நிக்கவள்ல இருந்து வெளிய உக்காருதவ வர எல்லாரும்.”

“நடந்து முடிஞ்சதை மாத்த முடியாது. இனிமேலாவது வேலை நேரத்துலயும் போட்டுக்கோங்க. அரிச்சுப்போனா நான் வேற தர்றேன், யாரும் பணம் கட்ட வேண்டாம்.”

மறுநாளிலிருந்து பட்டை உப்பளத்துக்குப் போனது. சட்டைக்கு மேலே பிளாஸ்டிக் உறை சுற்றி, அதற்கு மேல் அம்மாவின் பழைய சேலைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பெண்கள் வாருபலகையை இழுத்தார்கள். கங்காணி பார்த்துவிட்டு, “என்ன, நெஞ்சு வலியா எல்லாத்துக்கும்?” என்றார். “ஆமா, ஒம்மப் பாத்தா வருது,” என்றாள் ஜெனோவா.

பத்து நாளில் நிவேதனா போன் செய்தாள். குரலில் படபடப்பு.

“சிஸ்டம் திணறுது இசக்கி. ஒரு மூட்டை சுமந்துட்டு உங்க இதயம் எவ்வளவு சீக்கிரம் அடங்குதுன்னு பார்த்துட்டு, பழைய கணக்கையெல்லாம் திருப்பிப் போடுது. பத்தாயிரத்துல பாதி ஆட்டம் உங்களுக்கு, பாதி அவங்களுக்கு. யாரு வேணாலும் வரலாம்.”

“அப்பம் ஆடிப் பாக்க வேண்டியதான?”

“இறுதி ஆட்டத்துக்குத் தடை இருக்கு.”

“பயிற்சிக்கு?”

“பயிற்சி எங்க வேணா பண்ணலாம். பட்டை போட்டிருந்தா அதுவும் கணக்குல சேரும்.” நிவேதனா நிறுத்தினாள். பிறகு மெதுவாக, “நீ என்ன கேக்கறேன்னு எனக்குத் தெரியல. நான் எதுவும் சொல்லவும் இல்ல,” என்றாள்.

இசக்கி அன்றே கோயம்புத்தூர்க் கல்லூரி விடுதிக்குப் போன் போட்டு சௌடேஸ்வரியைக் கேட்டாள். வெகுநேரம் கழித்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

“யாருங்க?”

“தூத்துக்குடி. உன்ட்ட மூணு கோல் வாங்குனவ.”

“அட, நீங்களா! அந்தப் படத்தைச் சொல்றீங்களா? கருமம். என்னைச் சிரிக்கற மாதிரி வரைஞ்சு வெச்சிருக்கானுங்க. ஆட்டத்துல நான் சிரிச்சதே இல்லீங்க. எங்கூருல என்னைப் பார்த்தவங்கெல்லாம் கேலி.”

“நெசமா ஆடிப் பாப்பமா?”

அந்தப் பக்கம் யாரோ வாளியை வைக்கும் சத்தம் கேட்டது.

“எனக்கு அந்த வேலை வேணுமுங்க,” என்றாள் சௌடேஸ்வரி. “அப்பனுக்குத் தறிச் சத்தத்துல காதே போயிருச்சு. தம்பியையும் தறியில ஏத்திட்டாங்க. முன்னோட்டத்துல ஜெயிச்சாச்சுன்னு ஊட்டுல கறி எடுத்துச் சமைச்சாங்க. இப்பப் பாதிக்குப் பாதிங்கறாங்க. என்ற காலு என்ன செஞ்சுதுன்னு என்னைத் தவுத்து எல்லாத்துக்கும் தெரியுது.” மூச்சை இழுத்து விட்டாள். “எங்க வரணும்?”

வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் வறண்டு கிடந்த ஒரு கண்மாயை கிரேனாவின் மாமா காட்டினார். கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கிவிட்டுப் பையன்கள் கிரிக்கெட் ஆடும் இடம். தூத்துக்குடிப் பெண்கள் திண்டுக்கல்லுக்கு உப்பு ஏற்றிப்போன லாரியில், தார்ப்பாயின் மேல் படுத்துக்கொண்டு வந்தார்கள். கோயம்புத்தூர்க்காரிகள் வேனில் வந்து இறங்கி, எதிரில் நிற்பவர்களைக் காலிலிருந்து தலைவரை பார்த்தார்கள்.

“உங்க கோல்கீப்பர் படத்துல இருந்ததை விடக் குள்ளம்,” என்றாள் ஒருத்தி.

“மூக்கப் பாரு, சரியா இருக்கும்,” என்றாள் ஜெனோவா.

தங்கப்பழம்தான் நடுவர். “எனக்கு இந்த வம்பே வேண்டாம்” என்று லாரி ஏறும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர், விசிலை மட்டும் மறக்காமல் எடுத்து வந்திருந்தார். கரையில் ஆடு மேய்ப்பவர்களும் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களும் உட்கார்ந்துகொண்டார்கள்.

இரு பக்கமும் பட்டையைக் கட்டிக்கொண்டார்கள். அரசாங்கக் கணக்கில் அங்கே நடந்தது இரண்டு தனித்தனிப் பயிற்சிகள்.

கண்மாய் மண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. பந்து போகிற போக்கை யாராலும் சொல்ல முடியவில்லை. முதல் கோலை இசக்கிதான் போட்டாள். கிரேனா இடது ஓரத்திலிருந்து தூக்கிப் போட்டதை நெஞ்சில் வாங்கியபோது பட்டை சுருக்கென்று குத்தியது. அந்த வலியோடேயே திரும்பி அடித்தாள். கரையில் இருந்த ஒரு கிழவர் துண்டைச் சுழற்றினார்.

இடைவேளைக்குப் பிறகு கோயம்புத்தூர் சமன் செய்தது. தூத்துக்குடிப் பெண்கள் விடாமல் ஓடினார்கள். யாரும் முட்டியைப் பிடிக்கவில்லை. எழுபதாவது நிமிடம் வந்து போனது யாருக்கும் தெரியவில்லை. இசக்கி அடித்த பந்து ஒரு தடவை கோல் கம்பத்துக்காக நட்டிருந்த மூங்கிலில் பட்டுத் தெறித்தது. கோயம்புத்தூர்க்காரிகள் மூச்சிரைத்துப் பின்னால் போய்ப் பின்னால் போய் நின்றார்கள். இன்னும் கொஞ்ச நேரம் இருந்தால் விழுந்துவிடுவார்கள் என்று தோன்றியது.

அப்போதுதான் சௌடேஸ்வரி பந்தோடு தனியாக வந்தாள். அவளும் களைத்திருந்தாள். ஓட்டம் நடையாகியிருந்தது. எதிரில் வந்த இசக்கி, இவள் வலதுபுறம்தான் திரும்புவாள், அந்தப் பக்கம்தான் மண் சமமாக இருக்கிறது என்று காலை அங்கே வைத்தாள். சௌடேஸ்வரி பள்ளமும் மேடுமான இடதுபுறம் போனாள். பந்து ஒரு மண்பாளத்தில் ஏறிக் குதித்தது. அது குதிக்கும் என்று அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது போல, கீழே விழுமுன் அடித்தாள். ஜெனோவாவின் விரல் நுனியைத் தொட்டுவிட்டு உள்ளே போனது.

சௌடேஸ்வரி சிரிக்கவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

ரெண்டுக்கு ஒண்ணு. தங்கப்பழம் விசில் ஊதியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

வேனில் வந்திருந்த புளிசாதத்தைப் பிரித்து எல்லோரும் சாப்பிட்டார்கள். ஜெனோவா மட்டும் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். சௌடேஸ்வரி ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய் அவள் மடியில் வைத்தாள்.

“விரலுல பட்டுச்சில்ல? இன்னொருத்தியா இருந்தா தொட்டிருக்கவே மாட்டா புள்ள.”

“ஆறுதலா? ஏட்டி, போ அங்கிட்டு,” என்று சொல்லிவிட்டு ஜெனோவா சாப்பிட்டாள்.

திருச்சியில் ஒரு பெரிய அரங்கத்தில் விழா. இரண்டு அணிகளையும் முன்வரிசையில் இரண்டு பக்கமாக உட்கார வைத்திருந்தார்கள். தொடங்குவதற்கு முன்னால் நிவேதனா வந்து இசக்கியைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனாள். அங்கே வாரியத் தலைவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். தங்கப்பழம் ஓரமாக நின்றிருந்தார்.

“வாழ்த்துகள்மா,” என்றார் தலைவர். “நீங்கதான் சாம்பியன்.”

இசக்கி நிவேதனாவைப் பார்த்தாள்.

“அன்னிக்கு நடந்த பயிற்சி,” என்றாள் நிவேதனா, தரையைப் பார்த்தபடி. “ரெண்டு டீம் பட்டையும் ஒரே இடத்துல ஓடினதை வெச்சு சிஸ்டம் ஆட்டத்தையே, கோல் உட்பட, கட்டிப் பாத்துடுச்சு. நீங்க அவங்களை விட நிறைய ஓடியிருக்கீங்க. நிறைய வாய்ப்பு உருவாக்கியிருக்கீங்க. கடைசி வரைக்கும் களைக்கல. அவங்க ரெண்டாவது கோல் நூத்துல ஒரு தடவைதான் விழும்னு சிஸ்டம் சொல்லுது. பத்தாயிரம் தடவை ஆடினா ஆறாயிரம் தடவைக்கு மேல நீங்கதான் ஜெயிக்கறீங்க.”

“நாங்க ஒரு தடவதான ஆடுனோம்.”

“ஒரு தடவை ஆடறதுல தப்பான ஆள் ஜெயிச்சிடலாம்மா,” என்றார் தலைவர் பொறுமையாக. “மேடு பள்ளம், காத்து, நடுவர், எது வேணா கெடுக்கும். யாரு ஜெயிச்சாங்கன்னு சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். யாரு சிறந்தவங்கன்னு சிஸ்டம்தான் சொல்லும். அதுக்குத்தான் இவ்வளவு செலவு. நீ உப்பளத்துல வேலை பாக்கறவளாமே. உன் உழைப்பை எந்த மனுஷனும் பாக்கல, சிஸ்டம் பாத்திருக்கு. சந்தோஷமா வாங்கிக்க. அந்தக் கண்மாய் விஷயத்தை மட்டும் பேசாத. அப்படி ஒரு ஆட்டம் நடக்கல.”

அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் இசக்கியைக் குடைந்தது. அவளுடைய ஒவ்வொரு மூட்டையையும் அந்தப் பொட்டி எண்ணியிருந்தது. அப்பாகூட எண்ணியதில்லை.

வெளியே வந்ததும் தங்கப்பழம் அவள் முழங்கையைப் பிடித்தார். “வாய மூடிக்கிட்டு வாங்கிரு தாயி. பதினாறு பேரு வேலை. ஒங்கம்மா காலப் பாத்திருக்கல்லா?”

“பாத்திருக்கேன் சார்.”

“பொறவு என்ன?”

அவள் முழங்கையை விடுவித்துக்கொண்டாள். ஜெனோவாவையும் கிரேனாவையும் மற்றவர்களையும் அரங்கத்தின் ஓரத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி, “குடுத்தா வாங்குவமே ளா, நாம என்ன களவா எடுத்தோம்?” என்றாள். யாரும் அவளை முறைக்கவில்லை. எல்லோர் மனத்திலும் அதுதான் இருந்தது.

கடைசியில் ஜெனோவாதான் கையை விரித்துக் காட்டினாள். “பந்து இந்த வெரல்ல பட்டுச்சி. நகம் பேந்துருக்கு பாரு. அது நூத்துல ஒண்ணுங்கான். நூத்துல ஒண்ணோ ஆயிரத்துல ஒண்ணோ, என்னையத் தாண்டிப் போச்சில்லா?”

மேடைக்கு அழைத்தார்கள். கைதட்டல். இசக்கி ஏறினாள். தலைவர் கோப்பையை நீட்டினார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றாள்.

“நாங்க தோத்துட்டோம். வாடிப்பட்டிக் கண்மாயில ஆடுனோம். ரெண்டுக்கு ஒண்ணு. அந்தா உக்காந்திருக்காளே சௌடேஸ்வரி, அவதான் அடிச்சா. எங்க டீமுக்கு நான்தான் கேப்டன், நான் சொல்லுதேன்.”

அரங்கம் சலசலத்தது. தலைவர் சிரித்த முகத்தோடு குறுக்கே வந்தார். “அது வெறும் பயிற்சி…”

“பயிற்சின்னா எதுக்குக் கணக்குல எடுத்தீங்க? நாங்க ஓடுனது வேணும், அவ அடிச்சது வேண்டாமா?”

ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். உப்பளத்தில் ஒரு பாத்தியிலிருந்து நாலு பாத்தி தள்ளிக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அவளுக்கு. “ரெண்டுக்கு ஒண்ணு!” என்று கத்தினாள். கீழேயிருந்து பதினைந்து பேரும் கத்தினார்கள். தோற்ற கணக்கை அத்தனை சத்தமாக யாரும் அந்த அரங்கத்தில் கேட்டிருக்க மாட்டார்கள். பாதுகாவலர்கள் அவளை இறக்கினார்கள்.

வாசலில் சௌடேஸ்வரி ஓடி வந்து வழி மறித்தாள். முகம் சிவந்திருந்தது.

“கிறுக்கா உனக்கு? எனக்கும் தரமாட்டானுங்க. ரெண்டு பேத்துக்கும் இல்லாமப் போச்சு.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“நீ அடிச்ச கோல இல்லைன்னுட்டான். பாத்துக்கிட்டு நிக்கச் சொல்லுதியா?”

இரண்டு பேரும் வாசலிலேயே நின்றார்கள். பஸ் வரும்வரை.

அந்த வருடம் சாம்பியன் இல்லை என்று வாரியம் அறிவித்தது. இரண்டு கல்லூரிகளையும் ஒரு வருடம் விலக்கி வைத்தது. இசக்கி உப்பளத்துக்கு முழு நேரமாகப் போனாள். அம்மா ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள், “அந்தப் புள்ள அப்பிடி நல்லா அடிச்சாளா?” என்று கேட்டாள்.

“அடிச்சாம்மா.”

“பொறவு சரி,” என்றாள் முத்துக்கனி. வாருபலகையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அடுத்த பருவம் தொடங்கியபோது வாரியத்தில் குழப்பம். ரெண்டுக்கு ஒண்ணு கதையைக் கேள்விப்பட்டு, சாயல்குடிப் பக்கம் ஒரு கல்லூரிப் பெண்கள் பட்டையைக் கழற்றி ஆட்டுக்குக் கட்டிவிட்டார்கள். ஆட்டுக்கு நெஞ்சு வேகமாக அடிக்கும். சிஸ்டம் அதை அபாரமான உடல்திறன் என்று எடுத்துக்கொண்டது. ஒரு வெள்ளாடு அந்த வாரத்தின் சிறந்த வீராங்கனை ஆனது. விஷயம் தெரிந்து சிரித்த மற்ற கல்லூரிகளும் ஆடு தேடின. நாமக்கல்லில் எருமை. நாகர்கோவிலில் மீன்காரர் ஒருவரின் சைக்கிள். நிவேதனாவிடம் இதைச் சரிசெய்யச் சொன்னார்கள். எது ஆடு, எது பெண் என்று கண்டுபிடிக்கத் தன்னால் முடியவில்லை என்று அவள் எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போனாள். முடியவில்லையா, முயலவில்லையா என்பது அவளுக்குத்தான் தெரியும்.

வேறு வழியில்லாமல் இறுதி ஆட்டத்தை மைதானத்தில் நடத்தினார்கள்.

இசக்கியும் சௌடேஸ்வரியும் மதுரையில் சந்தித்து, டிக்கெட் எடுத்து, மேல்படியில் வெயிலில் உட்கார்ந்தார்கள். ஆடிய அணிகள் இரண்டையும் அவர்களுக்குத் தெரியாது. அவர்களையும் யாருக்கும் தெரியாது. சௌடேஸ்வரி ஒரு பனியன் கம்பெனியில் இருந்தாள். ஒரு நாள் லீவுக்கு மேற்பார்வையாளரிடம் பாட்டி செத்ததாகச் சொல்லியிருந்தாள். “போன வருசமே ஒருக்கா செத்துட்டாங்க,” என்றாள்.

ஆட்டம் சுமார்தான். பந்து பாதி நேரம் வெளியே போனது. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் பாப்கார்னைக் கொறித்தபடி பக்கத்தில் இருந்தவனிடம் சலித்துக்கொண்டான்.

“இதுக்கு வேலைவெட்டிய விட்டுட்டு வெயில்ல வந்து காயணுமா? யாரு ஜெயிப்பான்னு முன்ன மாதிரி கம்ப்யூட்டரே சொல்லியிருந்தா வீட்டுல படுத்திருக்கலாம்.”

இசக்கி திரும்பினாள்.

“அப்பம் வீட்டுக்குப் போயிப் படுங்க. எந்திரிங்க, காலு நீட்ட எடம் வேணும்.”

அவன் எழவில்லை. ஆனால் வாயை மூடிக்கொண்டான். கீழே ஒரு பெண் பந்தோடு தனியாக ஓடத் தொடங்கியிருந்தாள். இசக்கி படியில் ஏறி நின்று, யாரென்றே தெரியாத அவளைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினாள்.

“அடிட்டீ!”